பின்கேட்டு நோட்டு

ஆரணி கோர்ட்டின் பின்கேட்டில் நான் நின்றது மூன்றரை வருடம். அந்த மூன்றரை வருடத்தில் யாருக்கும் என்னைப் பிடித்ததில்லை, எனக்கும் யாரையும் பிடித்ததில்லை. இதை வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. கேட்டில் நிற்கும் போலீஸ்காரியைப் பார்த்து ஊரே சிரித்துக்கொண்டு போகிறதென்றால் அவள் வேலை செய்யவில்லை என்றுதான் அர்த்தம். நான் வேலை செய்தேன். அளவுக்கு மேலேயே செய்தேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்கேட்டில் மெட்டல் டிடெக்டர் வாசல் ஒன்று உண்டு. அது பெல்ட்டுக்குக் கத்தும், சாவிக்கொத்துக்குக் கத்தும், மூட்டுக்கு ஆபரேஷன் செய்த பெரியவரின் காலுக்குக் கத்தும். தறிக்காரர்கள் இழை வெட்டும் சின்னக் கத்தரியைச் சட்டைப்பையில் மறந்து வைத்துக்கொண்டு வாய்தாவுக்கு வருவார்கள், அதற்கும் கத்தும். எல்லாவற்றுக்கும் கத்துகிற ஒன்றை எவன் மதிப்பான்? அங்கே இரண்டு காவலர்கள் செல்போனையும் கத்தரியையும் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பார்கள். பொதுமக்கள், வக்கீல்கள், குமாஸ்தாக்கள், சாட்சிகள் எல்லாருக்கும் அதுதான் வழி.

பின்கேட்டு வேறு. நீதிபதிகளின் கார் அதன் வழியாக வரும். ஜெயிலிலிருந்து ஆட்களைக் கூட்டிவரும் வேன் வரும். கேட்டைத் தாண்டினால் நீளமான நடைபாதை. அதில் நீதிபதிகளின் அறைகள், பழைய வழக்குக் கட்டுகள் அடுக்கிய ஆவண அறை, வழக்கில் பிடிபட்ட பொருள்களை வைக்கும் அறை, எல்லாம் தாண்டிக் கடைசியில் ஒரு சின்ன அறை. அந்தச் சின்ன அறை பயந்துபோன சாட்சிகளுக்காக. எதிராளிகளின் முகத்தில் விழிக்காமல் வந்து, அங்கே உட்கார்ந்திருந்து, பெயர் கூப்பிட்டதும் பக்கவாசல் வழியாகக் கூண்டில் ஏறி, சாட்சி சொல்லிவிட்டு வந்த வழியே போய்விடலாம். கேட்டின் மேல் 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை இருந்தது. பலகைக்குக் கீழேயே பைக்கை நிறுத்திவிட்டுப் போவார்கள்.

ஏனென்றால் பின்தெரு டீக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் அதுதான் குறுக்கு வழி. வக்கீல் வருவார், அவர் பின்னால் குமாஸ்தா வருவார், அவர் பின்னால் கட்சிக்காரர், கட்சிக்காரரின் மச்சான், மச்சானுக்குத் தெரிந்தவர். கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில், 'அஞ்சு நிமிஷம்'. நீதிபதியின் அறை வாசலில் நின்று ஒருவன் பஜ்ஜி தின்று எண்ணெய்க் கையைச் சுவரில் துடைத்ததை நானே பார்த்திருக்கிறேன். எனக்கு முன்னால் அங்கே நின்ற ஏட்டு, வணக்கம் போட்டே காலத்தை ஓட்டியவர். பொறுப்பை ஒப்படைக்கும்போது என்னிடம், யாரையும் பகைத்துக்கொள்ளாதே என்று புத்தி சொன்னார். எனக்கு அவர்மேலும் எரிச்சல்தான் வந்தது.

என் எரிச்சலுக்கு ஒரு வேர் உண்டு, அதையும் மறைக்க வேண்டாம். என் அம்மா போளூர்ப் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள். அவள் வேலை செய்த எந்த வீட்டுக்குள்ளும் முன்வாசல் வழியாகப் போய் நான் பார்த்ததில்லை. சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் நிற்பாள், அவர்களாகப் பார்த்துக் கூப்பிடும் வரைக்கும் நிற்பாள். அவள் பெண்ணான என் கையில் சர்க்கார் ஒரு கேட்டைக் கொடுத்தது. திறப்பதும் மூடுவதும் நான்தான். இது என் தலைக்கு ஏறிவிட்டது என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போக மாட்டேன், ஏறித்தான் இருந்தது.

வந்த இரண்டாம் மாதமே ஒரு பெரிய வக்கீலைத் தடுத்தேன். ஊரில் பாதி பட்டுத்தறிப் பட்டறைக்காரர்களுக்கு அவர்தான் வக்கீல். தலை முழுக்க நரைத்தவர். பின்னால் இரண்டு கட்சிக்காரர்களோடு வந்தார். வக்கீல்களுக்கும் முன்கேட்டுதான் என்று மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தார்.

"நான் இந்தக் கோர்ட்டுக்கு வரச்சொல்லோ நீ பொறந்தே இருக்க மாட்ட. கேட்டத் தொறம்மா, ஜல்தி."

திறக்கவில்லை. அன்று சாயங்காலமே இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு அனுப்பினார். ஸ்டேஷனில் எட்டுப் பேர் முன்னால் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தால் நீயா போய்ப் பதில் சொல்வாய் என்று கேட்டார். மறுநாள் வக்கீல் சங்க அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் பேசி முடித்த பிறகும் படித்துக்கொண்டேதான் இருந்தார். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் அவருடைய குமாஸ்தா நின்றிருந்தார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், நெற்றியில் குங்குமம். அவர் உதட்டைப் பிரிக்காமலே சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன், சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் கடைவீதியில் ஒரு நீள நோட்டு வாங்கினேன், இருநூறு பக்கம். ஸ்கேல் வைத்து நானே கட்டம் போட்டேன். பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், முகவரி, செல் நம்பர், யாரைப் பார்க்க, வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. யாரையும் தடுக்க மாட்டேன், எழுதிவிட்டுப் போங்கள் என்று ஆரம்பித்தேன். தடுத்தால்தானே புகார் சொல்வீர்கள்? எழுதச் சொன்னதற்கு என்ன புகார் சொல்வீர்கள்? இதில் எனக்கு ஒரு குரூரமான சந்தோஷம் இருந்தது.

முதல் வாரம் கிண்டல் செய்தார்கள். ஒருவன் சினிமா நடிகர் பெயரை எழுதினான். ஒருவன் முகவரியில் அமெரிக்கா என்று எழுதினான். பாதிப் பேர் வெறுமனே 'ஆரணி' என்று எழுதினார்கள். நானும் விடவில்லை. ஆதார் காட்டு என்றேன். செல் நம்பரை எழுதியதும் என் போனிலிருந்து அடித்துப் பார்ப்பேன், அவன் பாக்கெட்டில் மணி அடித்தால்தான் உள்ளே. ஆதாரில் ஒரு ஊரும் வாயில் ஒரு ஊரும் வந்தால் 'இப்போ எங்க குடியிருக்க' என்று கேட்டு, கதவு எண்ணோடு எழுத வைப்பேன். முகவரி என்று இருந்த தலைப்பை அடித்துவிட்டு 'தற்போதைய முகவரி' என்று சிவப்பு மையில் எழுதினேன்.

மூன்று மாதத்தில் பின்கேட்டில் கூட்டம் பாதியாகக் குறைந்தது. எழுதச் சோம்பல்பட்டே முன்கேட்டுக்குப் போனார்கள். பெரிய வக்கீல் ஒரு நாளும் நோட்டில் கை வைக்கவில்லை, ஆனால் அவரும் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். கோர்ட்டின் தலைமை எழுத்தர் ஒரு நாள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்றார். யார் உத்தரவு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உத்தரவென்று ஒன்று இருந்தால்தானே சொல்ல? நோட்டு என் பணம், கட்டம் என் கை, விதி என் கோபம்.

இனி அந்த வழக்கு. ஒரு பட்டறை முதலாளியின் மகன், வேறு பட்டறைக்குப் போகப்போவதாகச் சொன்ன தறிக்காரர் ஒருவரின் வலது மணிக்கட்டை இரும்பு ராடால் அடித்து நொறுக்கிவிட்டான். பட்டறையில் அப்போது ஆறு பேர் இருந்தார்கள். ஐந்து பேர் கோர்ட்டில் ஏறி, பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். போலீசிடம் சொன்னதை மாற்றிச் சொல்கிறவர்களைப் பிறழ் சாட்சி என்று அறிவிப்பார்கள். வரிசையாக ஐந்து பேருக்கும் அப்படி அறிவித்தாகிவிட்டது. மீதி இருந்தது அங்கே தறிக்கு ஊடை நூலைத் தாரில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண். இருபத்துநான்கு வயது இருக்கும். அவள் மட்டும் பார்த்ததைச் சொல்வதாக உறுதியாக நின்றாள். அவள் சொன்னால் வழக்கு நிற்கும், சொல்லாவிட்டால் அன்றோடு முடிந்தது. முதலாளி மகன் தரப்புக்கு வக்கீல், நான் மன்னிப்புக் கேட்ட அதே பெரியவர்.

அவளுடைய சொந்த ஊர் தெள்ளார்ப் பக்கம். அங்கே இரண்டு முறை ஆள் வந்து மிரட்டியதால் தாயும் மகளும் ஊரை விட்டே போய்விட்டார்கள். எங்கே போனார்கள் என்பது நீதிபதிக்கு மூடிய உறையில் தெரியும், வழக்கை விசாரித்த ஸ்டேஷனில் இரண்டு பேருக்குத் தெரியும். வேறு எந்தக் காகிதத்திலும் கிடையாது. அவள் பின்கேட்டு வழியாக வரவேண்டும், கடைசி அறையில் உட்கார வேண்டும், அவள் இருக்கும் நேரத்தில் நடைபாதையில் ஒருவரும் போகக்கூடாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். தலைமை எழுத்தர் அதை என்னிடம் வந்து சொன்னார். என்னைத் தாண்டி ஒரு ஈ போகாது சார் என்றேன். நெஞ்சு நிமிர்ந்துதான் சொன்னேன்.

கூட வரவேண்டிய பெண் போலீஸ் அன்றைக்கு அமைச்சர் வருகைக்குப் பந்தோபஸ்து போய்விட்டாள். தாயும் மகளும் தனியாக ஷேர் ஆட்டோவில் வந்து பின்தெருவில் இறங்கினார்கள். தாய் முந்தானையால் பாதி முகத்தை மூடியிருந்தாள். பெண் துப்பட்டாவைத் தலைமேல் போட்டிருந்தாள். பையைச் சோதித்தேன், உடம்பைத் தடவிச் சோதித்தேன். ஒரு டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், ஒரு மாத்திரை அட்டை. பிறகு நோட்டைத் திருப்பி அவள் முன்னால் வைத்தேன்.

அவள் பெயரை எழுதினாள். முகவரியில் தெள்ளார்ப் பக்கத்து ஊரை எழுதினாள். ஆதாரிலும் அதுதான் இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த ஆட்டோ, தெள்ளாருக்குச் சம்பந்தமே இல்லாத திசையில், களம்பூர் ரோட்டிலிருந்து திரும்பியதை நான் பார்த்திருந்தேன். கேட்டில் நின்று நின்று கண் அப்படி ஆகிவிட்டது, பொய்யை மோப்பம் பிடிப்பதில் ஒரு ருசி. அந்த ஊர்க்காரி இந்த ரோட்டில் ஏன் வருகிறாள் என்று கேட்டேன். அவள் தாயைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அட்ரஸ் எங்கியும் எழுத வேணாம்னு ஸ்டேஷன்ல சொல்லிக்கிறாங்க மேடம்."

"ஸ்டேஷன்ல சொல்றது ஸ்டேஷனோட. இது கேட்டு. ஜட்ஜ் வூட்டு டிரைவரே எழுதிகினுதான் உள்ள போறாரு. நீ இன்னா தனியா?"

தாய் குறுக்கே வந்து, எதற்கும்மா வம்பு, எழுதிவிட்டு வா, நேரமாகிறது என்றாள். அவள் அம்மாவுக்கும் என்னைப் பார்த்துப் பயம். என் அம்மாவுக்கு இருந்த அதே பயம்தான், அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. பெண் தான் எழுதியதை அடித்துவிட்டு, களம்பூரில் அரிசி மில் பக்கத்துத் தெரு ஒன்றின் பெயரையும் கதவு எண்ணையும் எழுதினாள். எழுத்து கோணலாக விழுந்தது. அது அவள் சித்தி வீடு. நான் அவள் செல்லுக்கு அடித்துப் பார்த்தேன், மணி அடித்தது. திருப்தியோடு உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தேன். ஃபேன் போட்டுவிட்டேன். பயப்படாதே, இங்கே ஒருத்தரும் வர முடியாது என்று சொன்னேன்.

திரும்பி வந்து கால்மணி நேரம் ஆகியிருக்காது. பெரிய வக்கீலின் குமாஸ்தா வந்தார், உதட்டைப் பிரிக்காமல் சிரித்த அதே ஆள். கையில் ஒரு கட்டு. ஆவண அறையில் ஒரு நகல் வாங்க வேண்டும் என்றார். இன்றைக்கு யாருக்கும் வழியில்லை என்றேன். வாய்ச் சண்டைக்குத் தயாராக நின்றேன். சொல்லப்போனால் அதற்காகத்தான் இரண்டு வருடமாகக் காத்திருந்தேன். ஆனால் அவர் எகிறவில்லை.

"செரிங்க ஏட்டம்மா. உங்க டூட்டி உங்களுக்கு. நோட்டுல எழுதிட்டு இப்டி ஓரமா நிக்கிறேன், எப்போ விடறீங்களோ அப்போ போறேன்."

என் மனசு குளிர்ந்ததை எப்படிச் சொல்வது. அந்த வக்கீலின் ஆள் என் நோட்டில் எழுதப்போகிறான். நோட்டை நானே எடுத்துக் கொடுத்தேன், பேனாவையும் கொடுத்தேன். அவர் ஸ்டூலில் நோட்டை வைத்துக் குனிந்து, நிதானமாக எழுதினார். பெயரை எழுதிவிட்டு யோசித்தார், நேரத்தை எழுதிவிட்டு யோசித்தார். எனக்கு எதிரே அவருடைய எண்ணெய் வைத்த பின்மண்டை தெரிந்தது. மன்னிப்புக் கேட்ட நாளில் நான் குனிந்து நின்றேன், இன்றைக்கு இவன் குனிந்து நிற்கிறான் என்று அந்த மண்டையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நோட்டைப் பார்க்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலின் மேசையில் தலைகீழாகக் கிடக்கும் வழக்குக் கட்டை நின்ற இடத்திலிருந்தே படித்துவிடுவது குமாஸ்தாக்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. என் நோட்டு தலைகீழாகக்கூட இல்லை, நேராகத்தான் இருந்தது. அவருடைய வரிக்கு மேல்வரி அந்தப் பெண்ணுடையது.

ஐந்து நிமிடம் ஓரமாக நின்றார். பிறகு, பரவாயில்லை, அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கேட்டை இழுத்துச் சாத்தினேன். ஜெயித்த மாதிரி இருந்தது.

பதினொன்றரைக்கு வழக்கைக் கூப்பிட்டார்கள். பெரிய வக்கீல் எழுந்து, காலையிலிருந்து உடம்பு சரியில்லை, குறுக்கு விசாரணைக்கு நிற்க முடியாது, ஒரு வாரம் வாய்தா வேண்டும் என்று கேட்டார். நீதிபதி கடிந்துகொண்டு கொடுத்தார். அந்தப் பெண்ணைத் திரும்ப அழைத்து வந்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். அடுத்த வாரமும் இப்படியே பின்பக்கமாக வந்துவிடு, நான் இருக்கிறேன் என்று சொன்னேன். அப்போதுதான் அவள் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

அடுத்த வாரம் காலை ஒன்பதரையிலிருந்து பின்தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை துணைக்கு ஒரு பெண் காவலரை நானே கேட்டு வாங்கியிருந்தேன். பத்தரை ஆகியும் ஆட்டோ வரவில்லை. கேட்டை அந்தக் காவலரிடம் விட்டுவிட்டு முன்பக்கம் போனேன். மெட்டல் டிடெக்டர் வரிசையில், பட்டறைக்காரர்களின் வெள்ளைக் காருக்கு நாலடி தள்ளி, தாயும் மகளும் நின்றுகொண்டிருந்தார்கள். தலையில் துப்பட்டா இல்லை, முகத்தில் முந்தானை இல்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. பெண்ணின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போய், பின்கேட்டு என்று உனக்கு எத்தனை தடவை சொல்ல வேண்டும் என்று கத்தினேன்.

"பின்கேட்டு எதுக்குங்க மேடம்? யாருக்குத் தெரியக்கூடாதோ அவங்களுக்குத் தெரிஞ்சிபோச்சி."

போன வாய்தாவுக்கு மூன்றாம் நாள் இரண்டு பேர் பைக்கில் களம்பூருக்கு வந்திருக்கிறார்கள். மிரட்டவில்லை, சத்தம் போடவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். சித்தியின் இரண்டு பிள்ளைகளையும் பெயர் கேட்டார்கள், எந்த ஸ்கூல் என்று கேட்டார்கள், ஸ்கூல் விடும் நேரம் என்ன என்று கேட்டார்கள். போகும்போது, கோர்ட்டில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். சித்தி அன்றைக்கே இவர்களுடைய துணிமூட்டையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாளாம். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. இதையெல்லாம் தாய்தான் சொன்னாள். பெண் கடைசியில் ஒன்று மட்டும் சொன்னாள், குரலை உயர்த்தாமல்.

"மொதல்ல பக்கத்து வூட்டுல போய்த்தாங்க கேட்டுக்கிறாங்க. எங்க சித்தி வூடு முப்பத்தொம்போது. உங்க நோட்டுல நான் பயத்துல முப்பத்தேழுன்னு தப்பா எழுதிட்டேன். வேற எங்கியும் நான் அப்டி எழுதலைங்க."

நான் பின்கேட்டுக்கு ஓடினேன். நோட்டைப் பிரித்தேன். முப்பத்தேழு என்றுதான் இருந்தது. கீழ்வரியில் அந்தக் குமாஸ்தாவின் கையெழுத்து, முத்து முத்தாக. போன நேரம் என்ற கட்டம் காலி, அவர் உள்ளே போகவே இல்லையே. முதலில் அந்த ஆள்மேல் கோபம் வந்தது, கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போல. அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. எழுத வேண்டாம் என்று அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல எழுத வைத்தவள் நான்.

அப்போது அரசு வக்கீல் நடைபாதையில் வேகமாக வந்தார். சாட்சி முன்பக்கமாக வந்ததை அவரும் பார்த்திருக்கிறார், முகம் கறுத்திருந்தது. என்னிடம் நின்று, போன வாரம் இந்தப் பக்கம் ஏதாவது நடந்ததா என்று கேட்டார்.

"எதுனா இருந்தா இப்பவே சொல்லிடுங்க ஏட்டம்மா. ஒரு மனு போட்டு இன்னிக்கு சாட்சிய நிறுத்திடலாம், ஜாமீனக்கூட ரத்து பண்ண வெக்கலாம். கூண்டுல ஏறிட்டா ஒண்ணும் பண்ண முடியாது."

நோட்டு என் கக்கத்தில் இருந்தது. அதைக் கொடுத்திருந்தால் போதும். ஆனால் கொடுத்தால் அடுத்த கேள்வி என்ன? இந்த நோட்டை வைக்கச் சொன்னது யார்? பாதுகாப்பில் இருந்த சாட்சியை முகவரி எழுத வைத்தது யார்? அந்த வருடம்தான் எனக்கு எஸ்.எஸ்.ஐ. பதவி உயர்வு வரவேண்டிய வருடம். மெமோ, விசாரணை, சஸ்பெண்ட் எல்லாம் கண் முன்னால் வரிசையாக வந்தன. அதைவிட ஒன்று இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வக்கீல் சங்க அறையில் அந்தக் குமாஸ்தா மறுபடியும் உதட்டைப் பிரிக்காமல் சிரிப்பார். அதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"ஒண்ணும் இல்ல சார். என்னத் தாண்டி ஒருத்தரும் உள்ள போவல" என்றேன்.

அவர் இரண்டு விநாடி என்னைப் பார்த்துவிட்டுப் போனார். டபேதார் வாசலுக்கு வந்து அவள் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார். நான் பக்கவாசல் இடுக்கில் நின்று கேட்டேன். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், பட்டறைக்கு நான் போகவே இல்லை என்று அவள் சொன்னாள். போலீசில் அப்படிச் சொன்னாயே என்று அரசு வக்கீல் திருப்பித் திருப்பிக் கேட்டார். அவர்களாக எழுதிக்கொண்டார்கள் என்றாள். பெரிய வக்கீல், குறுக்கு விசாரணை இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அவளையும் பிறழ் சாட்சி என்று அறிவித்தார்கள். மொத்தம் இருபது நிமிடம்.

முன்கேட்டில் பட்டறை ஆட்கள் கூடிவிட்டார்கள், தள்ளுமுள்ளு வந்துவிடும், வாருங்கள் என்று கூப்பிட்டதால் அங்கே போனேன். காரில் வந்தவர்கள் காரிலேயே போய்விட்டார்கள். கடைசியில் தாயும் மகளும் டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். கேட்டுக்கு நேரே அந்தத் தறிக்காரர் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதுக்காரர், பார்க்க அறுபது மாதிரி இருந்தார். வலது மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கிப்போய், விரல்கள் பாதி மூடியபடியே இருந்தன. தறியில் உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. அவர் நேராக அவளிடம் போகவில்லை, என்னிடம் வந்தார். இந்தப் பெண்ணை நீங்கள்தான் பத்திரமாக உள்ளே வைத்திருந்தீர்கள் என்று சொன்னார்கள், அவளிடம் யாராவது போனார்களா என்று கேட்டார். கும்பிடுவதற்காக இடது கையை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"யாரும் போவலைங்க" என்றேன். அரசு வக்கீலிடம் சொன்ன அதே பதில், இப்போது இன்னும் சுலபமாக வந்தது.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். யாரும் போகவில்லை, மிரட்டவில்லை, ஆனாலும் பெண் மாற்றிச் சொல்லிவிட்டாள் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் அவருக்குத் தெரிந்தது. திரும்பி அவள் முன்னால் போய் நின்றார்.

"இன்னா குடுத்தாங்க உனுக்கு?"

கேட்டைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தாய் அழ ஆரம்பித்தாள். பெண் அழவில்லை. அவர் மறுபடியும் கேட்டார், இந்தக் கையைப் பார்த்துக்கொண்டே சொல்லு என்று மடங்கிய கையை அவள் முகத்துக்கு நேரே தூக்கினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. நான் சொல்வேன் என்று நினைத்திருக்கிறாள், அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டு நின்றாள். தாயும் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கேட்டாண்ட கூட்டம் போடாதீங்க" என்றேன். "நவுருங்க, நவுருங்க."

மூன்று பேரும் நகர்ந்தார்கள்.